பச்சை முத்திரை வாங்கிய காளான்

மகுடபதி இருபத்தெட்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். அத்தனை வருடத்தில், அடுத்த நிறுத்தம் எது என்பதைத் தவிர வேறொன்றையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் காளான் படிக்கப் போனார்.

அவருடைய குரு அமலோற்பவம். அவரைவிடப் பதினாறு வயது இளையவர். மலையடிவாரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்த்து விற்பவர். மழைக்குத் தானாக முளைக்கும் காளான்களில் எது உணவு, எது நஞ்சு என்று பிரித்துச் சொல்வதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகர் இல்லை. மகுடபதி அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

இணையத்தில் காளான் மன்றம் என்று ஓர் இடம் இருந்தது. மழை பெய்த மறுநாள் ஜனங்கள் அதில் படம் போட்டு, “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். படிப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். இருபது ஓட்டு விழுந்த பதிலுக்குத் தானாகவே பச்சை முத்திரை வந்துவிடும். எதிர் ஓட்டு ஐந்து விழுந்தால் அந்தப் பதில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஓட்டு ஒன்றுக்குப் பத்துப் புள்ளி. ஐயாயிரம் புள்ளி சேர்ந்துவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ‘மூத்தவர்’ என்று வரும்.

டீச்சரிடம் படித்தவர்கள் மகுடபதியோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒருவர் மன்றத்தில் பதில் எழுதியதும் குழுவில் தகவல் போடுவார். மற்ற பன்னிரண்டு பேரும் ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அதற்கு அவர்கள் மொய் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளையை விசாரிச்சுட்டா மொய் வைக்கறோம்?” என்பார் குழுவை நடத்தும் சேது. அதனால் யாரும் பதிலைப் படிப்பதில்லை. தம் ஆள் ஒருவரை வெளியாள் மறுத்து எழுதினால் எல்லோருமாக எதிர் ஓட்டுப் போடுவார்கள். அதற்கு மட்டும் அவர்கள் பெயர் வைக்கவில்லை.

இந்த ஏற்பாடு டீச்சருக்குத் தெரியாது.

அன்று காலை கொட்டகைக்குள் நுழையும்போதே மகுடபதியின் முகம் மலர்ந்திருந்தது. டீச்சர் ஊறவைத்த வைக்கோலைப் பிழிந்து பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயாயிரம் தாண்டிட்டேனுங்க டீச்சர். இனிமே மூத்தவர்.”

“நல்லது அண்ணே. வைக்கோலை எடுத்துக் கொடுங்க.”

மகுடபதி எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வெகுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டார்.

“உங்ககிட்டப் படிச்ச எனக்கு ஐயாயிரம். உங்களுக்கு நாற்பது புள்ளிகூட இல்லை. அது ஏனுங்க?”

“இன்னைக்கு என்ன பதில் எழுதினீங்க?”

“கரட்டுப்புதூர்ல ஒரு அம்மா. தெய்வானைன்னு பேரு. மதியம் சம்பந்தி வீட்டுக்காரங்க ஏழு பேர் வர்றாங்களாம். அரைச் சாக்குக் காளான் கிடைச்சிருக்கு, ஆக்கலாமான்னு கேட்டாங்க. புற்றுக்காளான், தாராளமா ஆக்குங்கன்னு எழுதினேன். பஸ் ரெண்டு நிறுத்தம் தாண்டறதுக்குள்ள முத்திரை விழுந்துருச்சு.”

“படத்தைக் காட்டுங்க.”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை.

“எங்கே முளைச்சதுன்னு எழுதியிருக்காங்க அண்ணே?”

“எருக்குழி ஓரத்துலயாம்.”

“புற்று எங்கே?”

மகுடபதி எட்டிப் படத்தைப் பார்த்தார்.

“புற்றுக்காளானுக்கு வேர் புற்றுக்குள்ளே முழ ஆழம் போகும். இதுல வேர் இருக்கா?”

“பிடுங்கின படம் இல்லீங்க.”

“அடியோட பிடுங்கின படம் இல்லாம வாயைத் திறக்காதீங்கன்னு முதல் நாளே சொன்னேன். சரி. இந்தத் தண்டுல இது என்ன?”

தண்டின் நடுவில் மெல்லிய வளையம் ஒன்று மோதிரம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. பேருந்து ஜன்னல் வெயிலில் அவர் கண்ணில் அது படவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் படவில்லை. வெள்ளைக்குடைக் காளான். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப் போடும். சின்னப் பிள்ளைகள் என்றால் தாங்குவது கஷ்டம்.

“அழிச்சிடறேனுங்க” என்று போனை வாங்கினார்.

அழிக்க முடியவில்லை. முத்திரை விழுந்த பதிலை எழுதியவரே தொட முடியாது என்பது மன்றத்தின் விதி. ஓட்டு வாங்கிய பிறகு பதிலை மாற்றி ஏய்த்தவர்கள் இருந்ததால் அப்படி ஒரு விதி வைத்திருந்தார்கள். கணக்கையே மூடினால்தான் அது போகும். அதை மகுடபதி வாய்விட்டுச் சொல்லவில்லை.

டீச்சர் தன் போனை எடுத்து அந்தக் கேள்விக்குக் கீழே எழுதினார்: ‘தண்டில் வளையம் இருக்கிறது. இது நஞ்சு. சமைக்க வேண்டாம். அமலோற்பவம்.’

மூன்று நிமிடம் ஆகவில்லை. மகுடபதியின் போனில் குழுவின் தகவல் வந்தது. சேது எழுதியிருந்தார்: ‘நம்ம அண்ணன் பதிலை எதிர்த்து ஒருத்தர் கிளம்பியிருக்காங்க. கவனிங்க.’ அடுத்தடுத்து ஒன்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். டீச்சர் எழுதியது மறைந்துபோனது.

மகுடபதி அந்தத் தகவலை டீச்சரிடம் காட்டினார். குழுவைப் பற்றி, மொய்யைப் பற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

டீச்சர் வண்டிச் சாவியை எடுத்தார்.

“குழுவுல சொல்லி ஓட்டைத் திருப்பச் சொல்லட்டுங்களா? எனக்கே வேற பேர்ல நாலு கணக்கு இருக்கு. பத்து நிமிஷத்துல உங்க பதிலை மேலே ஏத்திரலாம்.”

“கரட்டுப்புதூர் எவ்வளவு தூரம்?”

“பதினொரு கிலோமீட்டருங்க.”

“வண்டியில ஏறுங்க அண்ணே.”

போகும் வழியெல்லாம் மகுடபதி பின்னால் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குக் கீழே, ‘நான் சொன்னது தப்பு, ஆக்காதீங்க’ என்று எழுதிக்கொண்டே வந்தார். பதில் இல்லை. அந்த அம்மா பச்சை முத்திரையைப் பார்த்த கையோடு போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும்.

அப்படித்தான் ஆகியிருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. வீடு முழுக்க மிளகும் தேங்காயும் வெந்த வாசனை. இரண்டு சின்னப் பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். தெய்வானை கரண்டியும் கையுமாக வெளியே வந்தார்.

“காளானை அடுப்பிலிருந்து இறக்கிடுங்க. அது நஞ்சு” என்றார் டீச்சர்.

“நீங்க யாருங்க?”

“காளான் வளர்க்கறவ.”

தெய்வானை உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து காட்டினார். “இங்க பாருங்க. இருபத்தாறு பேர் சாப்பிடலாம்னு சொல்லியிருக்காங்க. முத்திரையே போட்டிருக்கு. எழுதினவரு மூத்தவரு. நீங்க ஒருத்தர் வந்து சொன்னா, ஆக்கி வச்சதைக் கொட்டிட்டு சம்பந்திக்கு நான் ரசஞ்சோறா போடறது?”

“அந்த மூத்தவர் நான்தானுங்க அம்மா” என்றார் மகுடபதி.

தெய்வானை அவரை மேலிருந்து கீழே பார்த்தார். “நீங்கதான்னு நான் எப்படிங்க நம்பறது? நீங்களேன்னாலும், காலையில சாப்பிடலாம்னீங்க. இப்ப வேண்டாங்கறீங்க. நடுவுல என்ன வந்துச்சு? அந்த இருபத்தாறு பேரும் முட்டாளுங்களா?”

மகுடபதி டீச்சரைப் பார்த்தார்.

“ஒரு தட்டுக் கொடுங்க” என்றார் டீச்சர்.

தெய்வானை புரியாமல் தட்டு ஒன்றை எடுத்துவந்தார். டீச்சர் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்து நாலு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, மகுடபதியை நாற்காலியில் உட்காரவைத்து, தட்டை அவர் மடியில் வைத்தார்.

“சாப்பிடுங்க அண்ணே.”

மகுடபதி நிமிர்ந்து பார்த்தார்.

“இருபத்தாறு பேர் சாப்பிடலாம்னு சொல்லியிருக்காங்க. நான் ஒருத்திதான் வேண்டாங்கறேன். சாப்பிடுங்க.”

தட்டில் ஆவி பறந்தது. மகுடபதி வலது கையைத் தொடையிலிருந்து எடுத்தார். அது தட்டின் விளிம்பு வரை போனது. அந்த இருபத்தாறில் பன்னிரண்டு, படத்தைக்கூடத் திறக்காத விரல்கள் என்று அவருக்குத் தெரியும். மிச்சம் பதினாலில் நாலு அவருடைய வேறு பெயர்கள், பத்து அந்தப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டுப் போட்டவை. கை அங்கேயே நின்றது. ஒரு துண்டை எடுக்க முயன்றார். முடியவில்லை.

தெய்வானை போனைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தட்டை எடுத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சட்டியையும் எடுத்துவந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினார்.

திரும்பி வந்தவர் மகுடபதியிடம் ஒன்றுதான் கேட்டார்.

“எதுக்குங்க அப்படி எழுதினீங்க?”

மகுடபதி எழுந்து நின்று கும்பிட்டார்.

கிளம்புமுன் டீச்சர் எருக்குழி ஓரம் போய், மிஞ்சி நின்ற காளான் ஒன்றை அடியோடு பிடுங்கினார். வேர் இல்லை. நன்றாக விரிந்து முதிர்ந்திருந்த அதைக் கவிழ்த்தபோது, குடையின் உள்மடிப்பில் நஞ்சின் அடையாளமான பச்சை பூத்திருந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

வழியிலேயே மகுடபதி, எதிர்த்து எழுதியது டீச்சர்தான் என்று குழுவில் போட்டிருந்தார். அவர்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது சேதுவின் அழைப்பு வந்தது. மகுடபதி போனை டீச்சரிடம் கொடுத்தார்.

“டீச்சர், எழுதினது நீங்கன்னு தெரியாமப் போச்சு. மன்னிச்சிருங்க. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அஞ்சே நிமிஷம், உங்க பதிலை மேலே கொண்டாந்திருவோம்.”

“நான்னு தெரிஞ்சதால மேலே கொண்டாறீங்க.”

“ஆமாங்க டீச்சர்.”

“அதுல என்ன எழுதியிருக்கேன்?”

“உங்க பதிலுதானுங்களே டீச்சர்.”

“படிச்சீங்களா சேது?”

“இல்லீங்க டீச்சர்.”

“படிங்க. படிச்சிட்டு, தப்புன்னு பட்டா திரும்பவும் கீழே தள்ளுங்க. எனக்காக ஒருத்தரும் ஓட்டுப் போட வேண்டாம்.”

“அப்புறம் மகுடபதி அண்ணன் மானம் என்னங்க ஆகறது?”

“அவர் இங்கேதான் இருக்காரு. அவர்கிட்டயே கேளுங்க.”

மகுடபதி போனை வாங்கவில்லை. டீச்சர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பச்சை மடிப்பின் படத்தோடு அந்த வரிகளை மன்றத்தில் மறுபடியும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் குழுவில் சண்டை மூண்டது. இரண்டு பேர் படித்துவிட்டு டீச்சருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒருத்தர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போனார். மற்றவர்கள், அண்ணன் மானம் போகக்கூடாது என்று, படிக்காமலே ஓட்டுக்குப் பழகிய விரல்களால் அதையும் கீழே தள்ளினார்கள். அந்தப் பதிலும் மறைந்தது.

டீச்சர் மூன்றாவது முறை எழுத ஆரம்பித்தார்.

மகுடபதி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“கணக்கை மூடினா என் பதில் போயிருங்க டீச்சர். காலையிலேயே எனக்குத் தெரியும். சொல்லலை.”

“எனக்கும் தெரியும் அண்ணே.”

“ஏனுங்க நீங்களும் சொல்லலை?”

“கணக்கு உங்களுது.”

மேற்கே மலை கருத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு இன்னும் எத்தனை எருக்குழி ஓரத்தில் எத்தனை வெள்ளைக் குடை விரியுமோ. அவற்றைப் பிடுங்குகிறவர்கள் தேடினால் முதலில் கண்ணில் படுவது மூத்தவர் மகுடபதியின் பச்சை முத்திரையாகத்தான் இருக்கும்.

“முப்பது பதில் சரியா எழுதியிருக்கேன். மூடினா அதுவும் சேர்ந்து போயிருங்க.”

“அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே? திரும்ப எழுதுங்க.”

“பூஜ்யத்திலிருந்தா?”

“பூஜ்யத்திலிருந்து.”

மகுடபதி தன் போனில் ‘மூத்தவர்’ என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கணக்கை மூடும் இடத்தைத் தேடி எடுத்தார். உறுதிதானா என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றார்.

திரை வெறுமையானது.

“இப்ப நான் யாரோ எவரோங்க” என்றார். “நம்ம ஆளுங்களே என்னையும் கீழே தள்ளுவாங்க.”

“தள்ளட்டும். திரும்ப எழுதுங்க.”

“அதையும் தள்ளினா?”

“திரும்ப எழுதுங்க.”

“எத்தனை தடவைங்க டீச்சர்?”

டீச்சர் மூன்றாவது பதிலை அனுப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“மழை பெய்யற அத்தனை தடவையும் அண்ணே.”