காயலில் கேட்ட குரல்

புன்னைத்துறையில் புதிய அறமன்றம் கட்டி முடித்திருந்தார்கள். அதன் வாசலுக்கு மேல் ஒரே ஒரு சொல்லைப் பொறிக்க வேண்டும் என்பது ஊரின் முடிவு. ஒரு சமூகம் எதன்மேல் நிற்கிறதோ அந்தச் சொல். அதைத் தேடிவரும் பொறுப்பு, முப்பது ஆண்டுகள் நீதி சொல்லி ஓய்ந்த எயினனிடம் வந்தது.

அவர் பல சிந்தனையாளர்களைச் சந்தித்தார். மலையடிவாரத்தில் ஒருவர், "நீதி. அது இல்லாத இடத்தில் மற்றதெல்லாம் வெறும் பேச்சு" என்றார். நூல்களுக்கு நடுவே வாழ்ந்த இன்னொருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "நீதி யாரையாவது அணைத்துக்கொண்டதுண்டா? கருணை என்று எழுதுங்கள்." சுதந்திரம் என்றவரிடம் மூன்று நாள் தங்கினார். நான்காம் நாள் அவரே, "எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது" என்று வழியனுப்பி வைத்தார்.

கடைசியில் எயினன், கடலோடு கலக்கும் காயல் நடுவே ஒரு தீவில் வாழ்ந்த மருதியிடம் வந்து சீடரானார். மருதி அவரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

ஒரு மார்கழி விடியலில் எயினன் கேட்டார்.

"எல்லோரும் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட்டேன். எது சரி?"

"கரைக்குப் போகலாம், வாருங்கள்" என்றார் மருதி.

படகு கிளம்பியபோது லேசான பனிதான். பாதி வழியில் அது கனத்தது. வானமும் நீரும் ஒன்றாகக் கரைந்து, படகு எதன்மேலும் இல்லாமல் மிதப்பது போலிருந்தது. எயினனுக்குத் தன் கைகளே தொலைவில் தெரிந்தன. தூக்கத்துக்குள் நகர்வது போன்ற அமைதி.

மருதி துடுப்பை நிறுத்தினார்.

"திசை தெரியவில்லை. கடல் நம்மை இழுக்கிறது."

"உங்களுக்குமா தெரியவில்லை?"

"எனக்கும்தான். குரல் கொடுங்கள். உங்கள் குரல் பெரியது."

எயினன் எழுந்து நின்று, "ஓ!" என்று கூவினார். பனி அதை விழுங்கியது. மறுபடி கூவினார்.

எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வந்தது. "யாருங்க படகுல?"

எயினன் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேச்சின் இழுவை அவருக்குத் தெரியும். அது புன்னைத்துறையின் உப்பளத் தெருப் பேச்சு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், குடிநீர்க் குளத்தில் நடந்த சண்டையில் ஒருவர் இறந்தார். அடித்தது யாரென்று தெரியவில்லை. எயினன் உப்பளத் தெரு முழுவதையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார். கூவிய அதே குரலில்தான் தீர்ப்பையும் வாசித்தார்.

"நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்று மருதியிடம் முணுமுணுத்தார்.

"உங்களைத்தானே கேட்கிறாள்."

அலையின் இரைச்சல் நெருங்கியது. படகு பக்கவாட்டில் சுழன்றது.

"நான் எயினன்" என்றார். மறுபடி உரக்கச் சொன்னார். "புன்னைத்துறை எயினன்!"

நீர் மட்டும் படகின் விலாவைத் தட்டிக்கொண்டிருந்தது. இனி எந்தக் குரலும் வராது என்று அவர் நினைத்தார். வராமல் இருப்பதே முறை என்றும் தோன்றியது.

"தெரியும் ஐயா. முதல்ல கூவினப்பவே தெரிஞ்சுது" என்றது பனி. "வலப்பக்கம் பாறை. இடது பக்கமா திருப்புங்க. என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க."

அவள் விடாமல் கூவினாள். சற்றுத் தள்ளி இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு ஒரு கிழவரின் குரல், ஒரு குழந்தையின் குரல். முகமில்லாத குரல்கள் வரிசையாக நின்று வெண்மைக்குள் ஒரு பாதையை உண்டாக்கின. மருதி அந்தப் பாதையில் துடுப்புப் போட்டார். எயினன் அழுவது பனியில் தெரியவில்லை.

இடுப்பளவு நீரில் இறங்கி ஒரு பெண் படகைப் பிடித்தாள். அவள் பெயர் சடைச்சி. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சுடுகஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

எயினன் கஞ்சியைக் குடிக்கவில்லை. "என்னைத் தெரிந்துகொண்டுமா வழி சொன்னாய்?"

"உங்க மேல கோபம் இல்லாம இல்ல ஐயா. நீங்க துரத்தினப்புறம் எங்கப்பா இந்த மணல்லதான் செத்தார். ஆனா பனிக்குள்ள ஒரு உசுரு கூப்பிடுது. பேசாம நிக்க எங்களுக்குப் பழக்கமில்ல." சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எயினன் மருதியிடம் திரும்பினார்.

"இதுதான். இத்தனை நாள் தேடியது இதுதான். இதற்கு என்ன பெயர்? கருணையா? நீதியைவிடப் பெரிய ஏதோ ஒன்றா? சொல்லுங்கள், மன்றத்தின் வாசலில் எதை எழுதட்டும்?"

மருதி படகின் கயிற்றை முளையில் கட்டி முடித்தார்.

"எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த வாசலுக்குள் சடைச்சி வரலாமா?"