கருமாதிப் பத்திரிகைக்கு நாலு வரி

“ஐயா, எங்கப்பாவப் பத்தி நாலு வரி எழுத வரலீங்க.”

சொன்னவன் தாண்டவம். நல்லசிவம் ஐயாவின் எழுத்துக்குடிலில் பன்னிரண்டு வருஷம் தங்கிப் பாடம் கேட்டவன்.

அப்பா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேதாரண்யத்தில் உப்பு வாரிய மனுஷர். கருமாதிப் பத்திரிகையில் அவரைப் பற்றி ஏதாவது போட வேண்டும். “எழுத்துப் படிச்சவன் நீதானே, எழுது” என்று சொந்தக்காரர்கள் இவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஐயாவுக்குச் சுருக்கென்றது. தன் மாணவனுக்கா எழுத வராது?

“எழுதிப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“அதக் காட்டு.”

காட்டினான்.

ஐயா சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டுதான் படிக்க உட்கார்ந்தார். பழக்கம் அப்படி. குடிலில் விடிந்ததும் மாணவர்கள் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும், மதியத்துக்குள் அவர் திருத்திவிடுவார். மாசம் ஒரு தரம் வீட்டுக்குப் போடும் கடிதம்கூட அவர் திருத்தி, நல்ல தாளில் நகலெடுத்த பிறகுதான் தபால்பெட்டிக்குப் போகும். இந்தக் கண்டிப்பில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை மறைப்பானேன்.

நாலு வரியிலும் திருத்த ஒன்றும் இல்லை.

“நல்லாத்தானேப்பா இருக்கு?”

“அக்காவும் அதத்தான் சொல்லுச்சுங்க. ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோட அப்பாடா’ன்னு கேட்டுச்சு.”

ஐயா மறுபடி படித்தார். ‘கடமையே உருவானவர். கரை காணாக் கருணைக் கடல்.’ போன வருஷம் தாசில்தார் ஒருவரின் இரங்கல் கூட்டத்துக்கு ஐயா எழுதிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதேதான்.

“உங்கப்பாவுக்கு நீ போட்ட கடுதாசி எல்லாம் இருக்கா? அதுல ஏதாச்சும் கிடைக்கும்.”

தாண்டவம் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தான். அக்கா கொடுத்தனுப்பியது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் அக்காதான் படித்துக் காட்டும், கேட்டுவிட்டு அவர் டப்பாவில் வைத்துவிடுவார்.

ஐயா ஒவ்வொன்றாக எடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக் கடிதங்கள், எல்லாம் நேற்று எழுதியது போல மடிப்புக் கலையாமல் இருந்தன. ‘தந்தையே, தங்கள் திருவடி நலமறிய அவா.’ எதைப் பிரித்தாலும் அதே தொடக்கம். அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தது ஐயாதான்.

அடியில், துணியில் சுற்றிய ஒன்று தனியாகக் கிடந்தது.

பிரித்தார். நைந்து நாராகியிருந்தது. மடிப்புகள் அறுந்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் உப்புக் கை பட்டு வெளுத்திருந்தது.

“இது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?”

“வேலை விட்டு வந்ததும் தெனமும் இதப் படிக்கச் சொல்லுவாராம். அக்காவுக்கு மனப்பாடமே ஆயிடுச்சுங்க.”

ஐயா படித்தார்.

‘அப்பா, இங்க சோத்துல உப்பே இல்ல. உப்பு வாருறவன் மவன் உப்பு கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல. ஒன் கால் வெடிப்புக்கு எண்ணெ போடுறியா? போட மாட்ட. நான் புடிச்சு வெச்சுப் போட்டாத்தான் உண்டு. இங்க சோத்துல கைய வெச்சாலே, பாத்தியில எறங்குறப்ப ஒனக்கு எரியுமேன்னு தோணுது.’

ஐயாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு வருஷம் கூடவே இருந்தும் இந்தப் பிள்ளை இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. எங்கே போனான் இவன் என்று மனசு அடித்துக்கொண்டது.

“இத எப்ப எழுதின? நான் பாத்த ஞாபகமே இல்லையே.”

“வந்த புதுசுலங்க. அந்த மாசம் உங்களுக்குக் காய்ச்சல், படுத்த படுக்கையா இருந்தீங்க. காட்டாம அப்படியே தபால்ல போட்டுட்டேன்.”

மூடி திறந்த பேனா ஐயாவின் கையிலேயே இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத் தாண்டவம் தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்புத் தப்பா இருக்கும். மன்னிச்சுக்குங்க ஐயா.”