உறுதியாகாத கல்

கொடுவரை மலை மடத்தில் ஒரே ஒரு நோன்புதான் உண்டு. தனக்கு உறுதியாகத் தெரியாத எதையும் வாயால் சொல்வதில்லை. வந்து சேரும் நாளில் ஒவ்வொருவரும் அதை மடத்தின் குரு தவமணி அம்மையின் முன்னால் ஏற்றுக்கொள்வார்கள். மற்றபடி எழுவதும் உண்பதும் அவரவர் இஷ்டம்.

வைத்தியலிங்கம் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குருவைவிட மூத்தவர். அதற்குமுன் வானாய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஒருமுறை, ஒரு வால்மீன் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அது வரும் வழியிலேயே உதிர்ந்துபோனது. ஊரே மொட்டை மாடியில் நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து வேலையை விடும்வரை அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "வால்மீனார் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒரு நோன்பு வைத்திருக்கும் மடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மலையேறிவிட்டார்.

ஒரு நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு மடத்தின் தொலைபேசி அடித்தது. இருப்பது ஒன்றுதான், அதுவும் அடுக்களையில். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரப் பேச்சியக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"சாமி, உங்களுக்குத்தான். ஆகாசத்துலேர்ந்து பேசுறாங்க."

பேசியவர் சுகந்தன். வானாய்வகத்தில் அவரிடம் வேலை கற்றவர். அவரை வால்மீனார் என்று கூப்பிடாத ஒரே ஆள்.

"சார், ஒரு கல்லு வருது. விடியறதுக்கு முன்னாடிதான் கண்ணுல பட்டுது. இன்னிக்குச் சாயங்காலமே காத்து மண்டலத்துக்குள்ள நுழைஞ்சிடும்."

"எந்தப் பக்கம்?"

"கடலுக்கு மேல போயிடலாம். உங்க மலைக்கு மேலயே வெடிக்கலாம். இப்போதைக்குப் பாதிக்குப் பாதி."

"எவ்வளவு பெரிசு?"

"அதான் சார் தெரியல. வெறும் புள்ளி. வெளுத்த கல்லுன்னா சின்னது, வாணவேடிக்கை காட்டிட்டுப் போயிடும். கறுத்த கல்லுன்னா பெரிசு. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் கழிச்சு அதிர்ச்சி அலை வரும். சன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கும்."

"மேலிடத்துக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. உறுதியானதும் அறிவிக்கிறாங்களாம். கிட்ட வர வர எங்களுக்கும் துல்லியமாத் தெரியும். திரும்பக் கூப்பிடறேன்."

வைத்தியலிங்கம் தொலைபேசியை வைத்தார். அடுக்களை வாசலிலிருந்து பார்த்தால் மண்டபம் தெரியும். யாரோ ஒரு பக்தர் கட்டிக் கொடுத்தது. அந்தி பார்ப்பதற்காக மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி.

"என்ன சாமி, முகம் செத்துப்போச்சு?" என்றார் பேச்சியக்கா. "பழைய ஆபீசுல திரும்பக் கூப்பிடுறாங்களா?"

"ஒண்ணுமில்லக்கா."

"போறதுன்னா போயிட்டு வாங்க. உங்க பங்குப் பாயசத்த நான் பார்த்துக்கிடுதேன்."

அவர் அம்மையைத் தேடிப் போனார். அம்மை கொல்லைப்புறத்தில் வேலையாட்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கம் கேட்டது அத்தனையும் சொன்னார். பாதியை மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறேன் என்றார்.

"எல்லோரிடமும் சொல்லவா, அம்மா? வேண்டாமா?"

அம்மை ஒரு குவளையில் கஞ்சியை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"சுடலாம். பார்த்துக் குடியுங்கள்."

துண்டின் நுனியால் பிடித்து, இரண்டு தரம் ஊதி, உதட்டில் வைத்தார். கஞ்சி ஆறிப்போயிருந்தது.

"சுடவில்லையே, அம்மா."

"நல்லது," என்றார் அம்மை.

அவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். அம்மை அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். அம்மைக்குப் பேச மனமில்லை போலும், நோன்பு இருக்கும்போது இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார் போலும் என்று எண்ணியபடி வைத்தியலிங்கம் அடுக்களைக்குத் திரும்பினார்.

பிற்பகல் முழுக்கத் தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அதுக்குத் தாலி கட்டிட்டீங்களா சாமி? நகர்ந்து உக்காருங்க, அடுப்பு மறைக்குது."

நகர்ந்து உட்கார்ந்தார். மீண்டும் மணி அடித்தது.

"முக்கால்வாசி உங்க பக்கந்தான் சார். இன்னொரு இடத்துலேர்ந்தும் பார்க்கிறாங்க. அந்தக் கணக்கு வந்துட்டா முடிவாச் சொல்லிடலாம்."

மீதிக் கால்வாசியை அவர் நினைத்தார். மண்டபத்துப் பக்கமே போகாதீர்கள் என்று எல்லோரையும் வெளியே கூட்டி வந்து, கொல்லையில் குப்புறப் படுக்க வைத்து, அதற்கப்புறம் வானம் சும்மா கிடந்தால்? மொட்டை மாடியில் கழுத்தைத் தடவியபடி கீழே இறங்கிய முகங்கள் நினைவுக்கு வந்தன. இங்கே யாரும் பெயர் வைத்துக் கேலி செய்ய மாட்டார்கள். நோன்பை உடைத்தவர் என்று மனதில் நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று இருந்தார். வெளியே வெயில் சாய்ந்தது.

மூன்றாம் முறை சுகந்தனின் குரலே மாறியிருந்தது.

"உறுதி சார். நேரா உங்க தலைக்கு மேல. கறுப்புக் கல்லு. நேரமே இல்ல சார், எல்லாரையும்..."

வைத்தியலிங்கம் மீதியைக் கேட்கவில்லை. பாறை உச்சிக்கு ஓடினார். மடத்தின் மணி அங்கேதான் தொங்குகிறது. மூச்சு முட்ட, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மலை முழுவதும் கேட்கும்படி அடித்தார்.

தோட்டத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராக மண்டபத்துக்குள் போனார்கள். வாசலில் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள்.

கயிறு கையில் இருக்கும்போதுதான் தாம் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்தது.

கத்தினார். அந்தத் தூரத்துக்குக் குரல் எட்டவில்லை.

வெளிச்சம் வந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு சூரியன் ஓடியதுபோல் இருந்தது. பாறையின் நிழல் அவர் காலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தது. பிறகு அணைந்துவிட்டது. வானத்தில் ஒரு வெள்ளைப் புகைக்கோடு மட்டும் நின்றது. சத்தம் ஒன்றும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்கள். நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். பின்னால் அம்மை மட்டும் யாரோ இருவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியலிங்கம் படிகளில் இறங்கி ஓடினார். போங்கள், விலகுங்கள் என்று இரண்டு கையையும் வீசினார். ஓரத்தில் நின்ற பேச்சியக்கா அவரைப் பார்த்துவிட்டார். சாமி சந்தோஷத்தில் குதிக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, வானத்தைக் காட்டி, பதிலுக்குக் கையசைத்தார்.

அப்புறம் சத்தம் வந்தது.

மறுநாள் காலை, அடிவாரத்து ஆஸ்பத்திரியின் நடைபாதையில் அம்மையும் அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையின் நெற்றியில் தையல். ஒரு கை முழுக்கக் கட்டு. வைத்தியலிங்கத்தின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"நான் நோன்பைக் காத்தேன், அம்மா," என்றார்.

"காத்தீர்கள்."

வைத்தியலிங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் தெரியும். நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லவில்லை?"

அம்மை தம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"வெடிக்கலாம், பார்த்து இருங்கள் என்று நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன். மணிச்சத்தம் கேட்கும்வரை இருந்தேன்."

தள்ளுவண்டி ஒன்று அவர்களைக் கடந்து போனது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பேச்சியம்மா கூட வந்தவங்க நீங்கதான? கண் கட்டு எப்ப அவுப்பீங்கன்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அடுப்புல போட்டது போட்டபடி கிடக்காம். யாராச்சும் வந்து பேசுங்க. எங்களால முடியல."

நர்ஸ் போய்விட்டார். வைத்தியலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"என்ன சொல்லட்டும், அம்மா? நாலு நாள் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைக்கவா?"

"டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?"

"இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்?"

"அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டார். அவரும் அதையேதான் சொன்னார்."

"சந்தேகம் ஏதும் இல்லையே?"

"இல்லை."

அம்மை நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படியானால் உறுதியாகிவிட்டது," என்றார். "வாருங்கள், சொல்லுவோம்."