அமுங்காத லீவு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டரில் பட்டன், மெனு எல்லாம் செய்து தருகிறவள் நவமணி. மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். லீவு கேட்கப் போனவளை, வாய் திறக்கும் முன்னே மேனேஜர் தெய்வசிகாமணி பிடித்துக்கொண்டார்.

"இந்தா, 'லீவு'ன்னு ஒரு பட்டன் வை. அமுக்கினா காய்ச்சல், கல்யாணம், காதுகுத்துன்னு வரிசையா கீழே விரியோணும். முதலாளியம்மா பார்த்து மெச்சோணும். ஆனா ஒருத்தரும் ஒண்ணையும் எடுக்க முடியக்கூடாது!"

"ஒருத்தருமேங்களா சார்?"

"ஒருத்தரும்தான்!"

நவமணி தலையாட்டிவிட்டு அப்படியே செய்தாள். பட்டனை அமுக்கினால் பட்டியல் அழகாக விரிந்தது. ஆனால் எல்லா வரியும் சாம்பல் பூத்துக் கிடந்தது, ஒன்றுகூட அமுங்கவில்லை.

மறுநாளே மேனேஜருக்கு மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. 'கல்யாணம்' வரியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அது அசைந்தால்தானே! முதலாளியம்மா பக்கத்தில் நிற்பதையும் மறந்து கத்தினார்.

"எவ இப்படிப் பண்ணி வெச்சது?"

"நானுங்க சார். ஒருத்தரும் எடுக்கக்கூடாதுன்னீங்க. உங்களுக்கு மட்டும் திறந்துவிட்டா, உங்க பேச்சை மீறினதா ஆயிருமுங்களே."

முதலாளியம்மா திரும்பினார். "ஏனுங்க சிகாமணி, லீவெல்லாம் நான் பார்த்து மெச்சறதுக்கு மட்டும்தானா? நவமணி, எல்லாத்தையும் திறந்துவிடு கண்ணு."

நவமணி திறந்துவிட்டாள். முதல் ஆளாகத் தானே 'காதுகுத்து' வரியை அமுக்கினாள். தெய்வசிகாமணி அவளுக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்து நின்றார்.