அந்தக் கேள்வியை எடும்மா

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் கணினிப் பிரிவில் மேலாளர் தர்மராஜன் வைத்ததே சட்டம். புதிதாகச் சேர்ந்த அன்னக்கொடிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒருநாள் தர்மராஜன் அவளிடம் கத்தினார். "இந்த ஏஐ உதவியாளர் கம்ப்யூட்டர்ல ஓட்டற ஒவ்வொரு கட்டளைக்கும் 'செய்யட்டுமா'ன்னு கேக்குது. கேக்காமலே ஓட்டட்டும். அந்தக் கேள்வியை எடும்மா!"

"சர்வர்லதானுங்க சார் எல்லா ஆர்டரும் இருக்கு. தப்பா அழிச்சுட்டா?"

"அது உன்னைவிட புத்திசாலி. அழிஞ்சா உன் வேலை போகும், அவ்வளவுதான்."

"சரிங்க சார். முதல்ல உங்க லேப்டாப்ல கேள்வியோடவே ஒருதடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் எடுத்துடறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பழைய குப்பையெல்லாம் சுத்தம் பண்ணு" என்று தட்டினார். ஏஐ துருவித் தேடி, நெடுநாளாக யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடித்தது.

"'மகள் கல்யாணப் போட்டோ' ஃபோல்டரை அழிக்கட்டுமா?"

"ஐயையோ! வேற காப்பியே இல்லையே!" பதறிப்போய் 'வேண்டாம்' என்று தட்டினார்.

அன்னக்கொடி மெல்லக் கேட்டாள். "சார், இந்தக் கேள்வியைத்தானே எடுக்கச் சொன்னீங்க?"

தர்மராஜன் நெற்றியைத் துடைத்தார். "இருக்கட்டும்மா. சர்வர்லயும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நாம டீ குடிச்சுட்டே பதில் சொல்லிக்கலாம்."