வெந்ததா கத்திரிக்காய்

ஆற்றங்கரை மடத்தில் வெண்பா சொல்லிக்கொடுத்த தவமணி அம்மையாருக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் நெல்லைநாயகத்துக்கு ஐம்பத்தாறு. தலை நரைத்த பிறகு பாட்டுப் படிக்க வந்தவர் என்று ஊரே கேலி செய்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

மடத்தில் ஒரே ஒரு பயிற்சிதான். யாராவது ஒருவர் ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடியைக் கொடுப்பார். சீடர் அதற்கு முன்னால் வரும் மூன்று அடிகளையும் எழுதி, பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொடுத்த அடியில் கைவைக்கக் கூடாது.

ஆறு மாதமாக மடத்துப் பக்கமே வராத நெல்லைநாயகம், ஒரு நாள் காலை வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அப்பா எப்படி இருக்காங்க?" என்றார் அம்மையார்.

"தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது அம்மா. மூக்கு வழியாக் குழாய் வச்சு ஆகாரம் குடுத்தா நாலஞ்சு மாசம் இருப்பாங்களாம். இல்லேன்னா சில வாரந்தானாம். வைக்கவா வேண்டாமான்னு நாளைக்கு டாக்டர்கிட்டச் சொல்லணும்."

"யார்கிட்ட எல்லாம் கேட்டீங்க?"

"பம்பாய்ல இருக்க தங்கச்சிகிட்டக் கேட்டேன். மாமாகிட்டக் கேட்டேன். ஜோசியர்கிட்டயும் கேட்டுட்டேன்."

"பாட்டு எழுதுறீங்களா?"

நெல்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. "அப்பா படுக்கையில கிடக்கும்போது நான் எதுகை தேடிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? குளிப்பாட்டும்போது ஒரு வரி வருது. வெட்கமா இருக்கு, விரட்டிவிடுதேன்."

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

நெல்லைநாயகத்தின் அப்பா சங்கரபாண்டியன் நாற்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். ஆயிரம் பேர் பந்தியைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். இப்போது கட்டிலில் பாதிதான் தெரிந்தார். கண்கள் மட்டும் இன்னும் அடுப்படியைக் கண்காணித்துக்கொண்டிருந்தன.

அம்மையார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஐயா, மூக்குல குழாய் வைக்கலாமான்னு உங்க மகன் ஊரெல்லாம் கேட்டுட்டார். உங்களை ஒரு வார்த்தை கேக்கலையாமே?"

உண்மைதான். நெல்லைநாயகம் கேட்கவே இல்லை.

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "குழாயில ருசி தெரியுமா தாயி?"

"தெரியாது ஐயா."

"பிறகு எதுக்கு அந்த எழவு? வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டு மகனைப் பார்த்தார். "ஏல, இன்னிக்கு என்ன காய்?"

"கத்திரிக்காய்ப்பா."

"வெந்துட்டா?"

அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஈற்றடி கிடைச்சாச்சு நாயகம்! 'வெந்ததா கத்திரிக் காய்.' சரிதானா ஐயா?"

"எப்படி வேணும்னாலும் சொல்லுங்க. காய் குழைஞ்சிரக் கூடாது."

நெல்லைநாயகம் அடுப்படிக்குப் போனார். காயை நறுக்கும்போது ஒரு அடி வந்தது. இந்தத் தடவை அவர் அதை விரட்டவில்லை. புளி கரைக்கும்போது இன்னொன்று வந்தது. தாளிக்கும்போது மூன்றாவதும் வந்தது. அந்த மும்முரத்தில் கடுகு கருகிவிட்டது.

வெந்த காயை நன்றாக மசித்து, விரல் நுனியில் எடுத்து, அப்பாவின் நாக்கில் தடவினார். பிறகு பாட்டைச் சொன்னார்.

வந்த எமனை வரவேற்று வாசலிலே
பந்திப்பாய் போட்டுப் பதறாதே என்றுவிட்டுச்
சிந்தை குளிரச் சிரித்தப்பா கேட்கிறார்
வெந்ததா கத்திரிக் காய்.

பெரியவர் உதட்டைச் சப்புக்கொட்டினார். கட்டில் ஆடும்படி சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

"பாட்டு நல்லா இருக்குல. கடுகுதான் கருகிட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்தவனுக்கும் ஒரு இலை போடு. பசியோட எவனையும் அனுப்பி எனக்குப் பழக்கமில்ல."

மகனும் சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. அப்பாவின் கை தடவித் தடவி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

வாசல் வரை அம்மையாரை வழியனுப்ப வந்த நெல்லைநாயகம், வாசற்படியில் தயங்கி நின்றார்.

"டாக்டர்கிட்ட நாளைக்கு நான் என்னம்மா சொல்ல?"

"ஈற்றடியைக் குடுத்தது யாரு?"

"அப்பா."

"அதுல கைவைப்பீங்களா?"

நெல்லைநாயகம் தலையை ஆட்டினார். "மாட்டேன் அம்மா. ஆனா அந்த அடி வர்ற வரைக்கும் நான் என்ன செய்ய?"

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு என்ன காய்னு உள்ள போய்க் கேளுங்க."