ஆமை காட்டிய முதுகு

தலைவர் குணாளனுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து சாக்கடையில் விழுந்த தொண்டர்களும் உண்டு. அப்பேர்ப்பட்டவர் ஒரு சாயங்காலம் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடக் குப்பத்துக்கு வந்தார். மணலில் மேடை போட்டு, கண் கூசும் விளக்குகளும் கட்டியாயிற்று.

நாய் தோண்டாமல் வேலி கட்டி ஆமை முட்டைகளைக் காத்தவர்கள் குப்பத்துப் பெண்கள். அவர்களில் மீன் விற்கும் தேசம்மாதான் போய்க் கெஞ்சினாள். "விளக்கை அணைங்க ஐயா. குஞ்சுங்க வெளிச்சத்தைக் கடல்னு நம்பி மேடைப் பக்கம் வந்து மிதிபட்டுச் சாகும்."

"இருட்டுல என்னை யாரு பார்ப்பா?" என்றார் தலைவர். "இன்னொண்ணு. போட்டோவுல ஆமை எனக்கு முதுகு காட்டக் கூடாது. என் முகத்தைப் பார்த்து வரணும்."

தேசம்மா பவ்வியமாகத் தலையாட்டினாள். "அப்ப நீங்க கடல்ல நில்லுங்க ஐயா, நேரா உங்ககிட்டயே வரும். விளக்கு எரிஞ்சா மட்டும் மேடைக்குப் போயிரும். அங்க துணைத் தலைவர் உட்கார்ந்திருக்காரு."

"அணைங்கடா விளக்கை!"

தலைவர் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பீரமாக நின்றார். குஞ்சுகள் முகத்தைக் காட்டியே வந்தன, அவரைத் தாண்டியும் போயின. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த பெரிய அலை, தலைவரின் வேட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டு திரும்பியது.

கடைசிக் குஞ்சும் கடலுக்குள் போன பிறகு தேசம்மா கரையிலிருந்து கேட்டாள். "இப்ப விளக்கைப் போடச் சொல்லட்டுமா ஐயா? உங்களை எல்லாரும் பார்க்கணுமே!"

"ஐயோ, வேண்டாம்மா! எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு!"

குப்பமே தலைவருக்கு முதுகு காட்டி நின்றது.